பதிலுக்கும் ஒரு தேதி உண்டு: கலைக்களஞ்சியத்தைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

எங்கள் ஊர் நூலகத்தில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா நடக்கும். அதில் பள்ளி மாணவர்களுக்கான பொது அறிவுப் போட்டிக்குக் கேள்வித்தாள் தயாரிப்பது என் வேலை. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர், எதையாவது படித்துக் கொண்டே இருப்பவர் என்று நினைத்து நூலகர் என்னிடம் ஒப்படைத்த பொறுப்பு இது. அறிவியல், வரலாறு, புவியியல், தத்துவம் என நான்கு பிரிவுகள். பிரிவுக்குப் பத்துக் கேள்விகள். மொத்தம் 40 மதிப்பெண்.

2022 ஆம் ஆண்டுப் போட்டியில் புவியியல் பிரிவில் ஒரு கேள்வி: கஜகஸ்தான் நாட்டின் தலைநகர் எது? என் விடைத்தாளில் இருந்த பதில், நூர் சுல்தான். முடிவுகளை அறிவித்த பின்னர் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தாளுடன் என்னிடம் வந்தாள். அவள் அஸ்தானா என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டிருந்தேன். ஒரு மதிப்பெண் குறைவால் அவள் இரண்டாம் இடத்திற்குப் போயிருந்தாள்.

"சார், அஸ்தானாதான் சரி. பேப்பர்ல போட்டிருந்தாங்க" என்றாள்.

"இல்லம்மா, அது பழைய பேரு. 2019லயே நூர் சுல்தான்னு மாத்திட்டாங்க. நான் கலைக்களஞ்சியத்துல பாத்துதான் எழுதினேன்" என்றேன். அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. தாளை மடித்து எடுத்துக் கொண்டு போய்விட்டாள்.

இரவு வீட்டிற்கு வந்ததும் மனது கேட்கவில்லை. இன்டர்நெட் இணைப்பு அன்று ஒழுங்காக இருந்தது. தேடிப் பார்த்தேன். 2022 செப்டம்பர் 17 அன்று, அதாவது எங்கள் போட்டிக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, அந்த நகரின் பெயர் மீண்டும் அஸ்தானா என்று மாற்றப்பட்டிருந்தது! நான் பழைய பெயர் என்று சொன்னது புதிய பெயராகவும் இருந்தது.

தவறு எங்கே நேர்ந்தது? எங்கள் பகுதியில் இன்டர்நெட் அடிக்கடி நின்றுவிடும் என்பதால், விக்கிப்பீடியா முழுவதையும் கம்ப்யூட்டரில் டவுன்லோடு செய்து வைத்திருந்தேன். அந்தப் பைல் 2021 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பைலின் பெயரிலேயே வருடமும் மாதமும் இருந்தன. நான்தான் அதைக் கவனிக்கவில்லை. கலைக்களஞ்சியம் பொய் சொல்லவில்லை. 2021ல் அது சொன்னது சரி. அதை 2022ல் கேட்டது என் பிழை.

இந்த அனுபவத்திற்குப் பின்னர் நான் பழகிக் கொண்ட சில வழிகளை இந்தக் கட்டுரையில் தருகிறேன். பிள்ளைகளின் பள்ளிப் புராஜெக்ட், போட்டித் தேர்வு, வினாடி வினா என எதற்காகத் தகவல் தேடினாலும் இவை உங்களுக்குப் பயன்படும்.

ஒரே நகரம், ஐந்து பெயர்கள்

முதலில் அந்த நகரின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1830ல் ரஷ்யப் பேரரசு அமைத்த ஒரு கோட்டையிலிருந்து வளர்ந்த ஊர் அது. அப்போது அதன் பெயர் அக்மொலின்ஸ்க். சோவியத் அரசு 1954ல் கஜகஸ்தானின் தரிசுப் புல்வெளிகளைக் கோதுமை வயல்களாக்கும் பெரிய திட்டத்தைத் தொடங்கியது. அதன் நினைவாக 1961ல் ஊரின் பெயர் செலினோகிராத் என்றானது. தரிசு நில நகரம் என்பது இதன் பொருள். 1991ல் கஜகஸ்தான் தனி நாடானது. 1992ல் ஊரின் பெயர் அக்மோலா. 1997 டிசம்பரில் அல்மாட்டியிலிருந்து தலைநகரை இங்கே மாற்றினார்கள். 1998ல் அஸ்தானா என்று பெயரிட்டார்கள். கஜக் மொழியில் அஸ்தானா என்றால் தலைநகர் என்றே பொருள். 2019 மார்ச்சில் அதிபர் நூர் சுல்தான் நசர்பாயேவ் பதவி விலகியதும் அவர் பெயரையே நகருக்கு வைத்தார்கள். 2022ல் அது மறுபடியும் அஸ்தானா ஆனது.

ஆகவே "கஜகஸ்தானின் தலைநகர் எது?" என்ற கேள்விக்கு 1995ல் ஒரு பதில், 1997 டிசம்பருக்குப் பின் ஒரு பதில், 2000ல் ஒரு பதில், 2020ல் ஒரு பதில். பதிலோடு தேதியும் இல்லாவிட்டால் எதையும் சரி, தவறு என்று சொல்ல முடியாது.

உங்கள் கலைக்களஞ்சியத்தின் வயது என்ன?

பொது அறிவுக்கு நாம் பயன்படுத்தும் மூலங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றிலும் தேதி ஓர் இடத்தில் இருக்கிறது.

அச்சு நூல்: தமிழில் ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910ல் வெளிவந்தது. புராணம், இலக்கியம், தத்துவம் ஆகியவற்றுக்கு இன்றும் பலர் புரட்டும் நூல் இது. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954ல் வந்தது. மொத்தம் பத்துத் தொகுதிகள். இவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஆங்கிலத்தில் என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா 1768 முதல் அச்சில் வந்து கொண்டிருந்தது. 2010ல் வந்த 32 தொகுதிகளே கடைசி அச்சுப் பதிப்பு. அச்சு நூலின் வயதை அறிய தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பாருங்கள்.

சிடி: மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் என்கார்ட்டா 1993ல் தொடங்கி 2009ல் நிறுத்தப்பட்டது. என் அலமாரியில் ஒரு சிடி இன்னும் இருக்கிறது. அதில் கோள்கள் ஒன்பது! சிடியின் மேல் அச்சிட்ட வருடம்தான் அதன் வயது.

இணையதளம்: விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15ல் ஆங்கிலத்தில் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003ல் தொடங்கி, இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளுடன் உள்ளது. இங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனி வயது. ஒரு கட்டுரை இன்று காலையில் திருத்தப்பட்டிருக்கும். இன்னொன்று பல ஆண்டுகளாகத் தொடப்படாமல் இருக்கும். ஒரே கட்டுரைக்குள்ளும் ஒரு பத்தி புதியதாகவும் அடுத்தது பழையதாகவும் இருக்கலாம்.

டவுன்லோடு செய்த பிரதி: இதன் வயது பைல் பெயரில் இருக்கும். நான் சறுக்கியது இங்கேதான்.

இப்போது பலர் செயற்கை நுண்ணறிவு சாட்பாட்களிடமும் கேள்வி கேட்கிறார்கள். இணையத்தில் தேடாமல் தாமாகப் பதில் தரும்போது இவையும் டவுன்லோடு செய்த பிரதி போலத்தான். கற்றுக் கொடுத்த தகவல் ஒரு தேதியுடன் நின்றிருக்கும். அதற்குப் பின் நடந்தது அதற்குத் தெரியாது. பதில் மட்டும் உறுதியான குரலில் வரும். எனவே பதிலுடன் மூலத்தையும் கேளுங்கள். அந்த மூலத்தைத் திறந்து நீங்களே படியுங்கள்.

நான்கு துறைகள், நான்கு பொறிகள்

போட்டி முடிந்த பின்னர் என் பழைய கேள்வித்தாள்கள் அனைத்தையும் எடுத்து மறுபடியும் சரி பார்த்தேன். ஒவ்வொரு துறையிலும் வேறு விதமான தவறுகள் ஒளிந்திருப்பது தெரிந்தது.

அறிவியலில் எண்ணிக்கை மாறும். 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் கோள் என்பதற்கு வரையறை வகுத்தது. புளூட்டோ குறுங்கோள் ஆனது. இது பலருக்கும் தெரியும். ஆனால் "அதிகத் துணைக்கோள்கள் கொண்ட கோள் எது?" என்ற கேள்வியைப் பாருங்கள். 2023 தொடக்கத்தில் வியாழனின் கணக்கு 92 ஆக உயர்ந்து சனியை முந்தியது. அதே ஆண்டு மே மாதத்தில் சனி மீண்டும் முந்திக் கொண்டது. 2025 மார்ச்சில் 128 புதிய துணைக்கோள்கள் அங்கீகரிக்கப்பட்டு சனியின் கணக்கு 274 ஆனது. ஆகவே இத்தகைய கேள்வியில் "2025 மார்ச் கணக்குப்படி" என்று சேர்த்துவிட வேண்டும்.

புவியியலில் அளவு மாறும். எவரெஸ்டின் உயரம் 8848 மீட்டர் என்று பள்ளியில் படித்தோம். அது 1955ல் இந்திய நில அளவைத் துறை கண்ட அளவு. சீனா 2005ல் வெளியிட்ட அளவு 8844.43 மீட்டர். மலை தேய்ந்துவிட்டதா என்று குழம்ப வேண்டாம். சீனா உச்சியில் உள்ள பனியைக் கழித்துவிட்டுப் பாறையை மட்டும் கணக்கில் எடுத்துக் கொண்டது. 2020 டிசம்பர் 8 அன்று நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த அளவு 8848.86 மீட்டர். இது பனியையும் சேர்த்தது. எண் மட்டும் போதாது. எதை அளந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

வரலாற்றில் நாட்காட்டி ஏமாற்றும். "கலிலியோ இறந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார்" என்று நான் ஒரு முறை கேள்வியாகவே கொடுத்திருக்கிறேன். கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25. சரிதானே என்று தோன்றும். ஆனால் இத்தாலி 1582லேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. நியூட்டன் பிறந்த நாளைக் கிரிகோரியன் கணக்கில் போட்டால் 1643 ஜனவரி 4. இரண்டு தேதிகளையும் ஒரே நாட்காட்டியில் வைத்தால், ஆண்டு ஒன்றாக இராது. இரண்டு பதில்களைத் தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரி. சேர்த்து வைத்ததுதான் தவறு.

தத்துவத்தில் "தந்தை" என்ற சொல் ஏமாற்றும். "தத்துவத்தின் தந்தை யார்?" என்று கேட்டு, சாக்ரடீஸ் என்று ஒரு புத்தகத்தில் பதில் இருக்கும். தேல்ஸ் என்று இன்னொன்றில் இருக்கும். இந்தியாவிலும் சீனாவிலும் வளர்ந்த தத்துவங்களை இந்தக் கேள்வி நினைத்தே பார்ப்பதில்லை. மேலும் சாக்ரடீஸ் தம் கைப்பட நூல் எதுவும் எழுதி வைக்கவில்லை. அவரைப் பற்றி நாம் அறிவது பிளேட்டோ, செனபோன், அரிஸ்டோபனீஸ் போன்றோர் எழுதியவை வழியாகவே. எனவே "சாக்ரடீஸ் சொன்னார்" என்று ஒரு வாசகத்தைப் பார்த்தால், யாருடைய எந்த நூலில் அப்படி வருகிறது என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அந்த வாசகத்தைக் கேள்வித்தாளில் சேர்க்காதீர்கள்.

விக்கிப்பீடியா கட்டுரையைச் சோதிப்பது எப்படி?

விக்கிப்பீடியாவை யார் வேண்டுமானாலும் திருத்தலாம், எனவே நம்பவே கூடாது என்பார்கள் சிலர். 2005ல் நேச்சர் இதழ் அறிவியல் கட்டுரைகளை எடுத்து விக்கிப்பீடியாவையும் பிரிட்டானிக்காவையும் ஒப்பிட்டது. 42 கட்டுரைகளில் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு, பிரிட்டானிக்காவில் மூன்று பிழைகள் என்று அது தெரிவித்தது. இந்த ஒப்பீட்டு முறையை பிரிட்டானிக்கா நிறுவனம் கடுமையாக மறுத்தது. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். இரண்டிலும் பிழை உண்டு என்பதை எடுத்துக் கொள்வோம். விக்கிப்பீடியாவில் உள்ள வசதி என்னவென்றால், சோதிப்பதற்கான கருவிகளை அதே பக்கத்தில் தந்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் அவற்றைத் தொடுவதே இல்லை.

1. அடிக்குறிப்பு எண்: ஒரு தகவலின் முடிவில் சதுர அடைப்புக்குள் சிறிய எண் இருக்கும். அதில் கிளிக் செய்திடுங்கள். கட்டுரையின் கீழே, அந்தத் தகவல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது காட்டப்படும். அந்த மூலத்தைத் திறந்து படித்திடுங்கள். உங்களுக்கு வேண்டிய தகவல் உண்மையிலேயே அங்கே இருக்கிறதா? அந்த மூலம் எந்த ஆண்டு எழுதப்பட்டது? எண்ணே இல்லாத தகவலைக் கேள்வித்தாளுக்கு எடுக்காதீர்கள்.

2. வரலாறு: கட்டுரையின் மேற்புறம் வரலாறு என்ற சொல்லுடன் ஒரு டேப் இருக்கும். ஆங்கிலத்தில் வியூ ஹிஸ்டரி. இதில் கிளிக் செய்தால் அந்தக் கட்டுரையில் இதுவரை செய்யப்பட்ட திருத்தங்கள் அனைத்தும் தேதி, நேரத்துடன் பட்டியலாகக் கிடைக்கும். இரண்டு வரிகளின் முன்னே உள்ள வட்டங்களைத் தேர்ந்தெடுத்து ஒப்பிடும் பட்டனை அழுத்தினால், அந்த இரண்டு பதிப்புகளுக்கும் இடையே என்ன மாறியது என்று அருகருகே காட்டும். நீங்கள் தேடும் எண் நேற்று இரவுதான் மாற்றப்பட்டது என்று தெரிந்தால் உஷாராகி விடுங்கள்.

3. உரையாடல்: இதுவும் மேற்புறம் உள்ள டேப். கட்டுரையை எழுதுபவர்கள் எதைப் பற்றி வாதிட்டார்கள் என்பது இங்கே இருக்கும். ஒரு தேதியோ பெயரோ சர்ச்சைக்கு உரியது என்றால் பெரும்பாலும் இங்கே தெரிந்துவிடும்.

4. பிற மொழிகள்: அதே கட்டுரையின் ஆங்கிலப் பதிப்பைத் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபட்டால் ஆங்கிலம்தான் சரி என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டின் அடிக்குறிப்புகளையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

5. நிரந்தர இணைப்பு: கருவிகள் பகுதியில் பர்மனென்ட் லிங்க் என்ற வசதி உண்டு. இன்று நீங்கள் படித்த அதே பதிப்பின் முகவரி இதில் கிடைக்கும். நாளை கட்டுரை மாறினாலும் இந்த முகவரி நீங்கள் பார்த்ததையே காட்டும். புராஜெக்ட் எழுதும் மாணவர்கள் இந்த முகவரியைக் குறித்துக் கொள்வது நல்லது.

அடிக்குறிப்பில் உள்ள தளம் திறக்கவில்லையா? அதன் முகவரியை காப்பி செய்து, இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பின் வேபேக் மெஷின் தளத்தில் ஒட்டிப் பாருங்கள். பழைய பிரதி சேமிக்கப்பட்டிருந்தால் தேதி வாரியாகக் கிடைக்கும்.

இரண்டு தளங்கள் சொன்னால் போதுமா?

போதாது. 2008ல் அமெரிக்க மாணவர் ஒருவர், தென் அமெரிக்காவில் வாழும் கோவாட்டி என்ற விலங்கைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையில் விளையாட்டாக ஒரு வரியைச் சேர்த்தார். அதற்கு "பிரேசிலிய ஆர்ட்வார்க்" என்றும் பெயர் உண்டு என்பதே அந்த வரி. அப்படி ஒரு பெயர் கிடையாது. ஆர்ட்வார்க் ஆப்பிரிக்காவில் வாழும் முற்றிலும் வேறான விலங்கு. ஆனால் அந்தப் பெயர் செய்தித்தாள்களுக்குப் போனது. புத்தகத்திலும் ஏறியது. பின்னர் அந்தச் செய்திகளே விக்கிப்பீடியாவில் அந்த வரிக்குச் சான்றாக வந்து உட்கார்ந்து கொண்டன! 2014ல் இந்த விஷயம் வெளிச்சத்திற்கு வரும் வரை இது நீடித்தது.

பத்துத் தளங்கள் ஒரே தகவலைச் சொன்னாலும் அவை ஒரே இடத்திலிருந்து காப்பி அடித்தவை என்றால் அது ஒரு சாட்சிதான். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சந்தேகமான வாக்கியத்தை இரட்டை மேற்கோள் குறிக்குள் கொடுத்துத் தேடுங்கள். அதே வாக்கியம் ஒரு சொல் மாறாமல் பல தளங்களில் வந்தால் அவை அனைத்தையும் ஒன்றாகக் கணக்கிடுங்கள். இரண்டாவது சாட்சியை வேறு வகையில் தேடுங்கள். நாட்டின் தலைநகர் என்றால் அந்நாட்டு அரசின் தளம், கோள் என்றால் வானியல் ஒன்றியம் அல்லது நாசா, பழைய நூல் என்றால் அந்த நூலே.

டவுன்லோடு செய்யும் விக்கிப்பீடியா

என்னைக் கவிழ்த்தது இதுதான் என்றாலும் நான் இதை விட்டுவிடவில்லை. இன்டர்நெட் சரியாகக் கிடைக்காத ஊர்களுக்கும் பள்ளிகளுக்கும் இது பெரிய வரப்பிரசாதம். கிவிக்ஸ் என்பது இலவச சாப்ட்வேர். விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு அனைத்திற்கும் கிடைக்கிறது. கிவிக்ஸ் தளத்திலிருந்து இதனை டவுன்லோடு செய்து இயக்கியவுடன், அதிலேயே உள்ள நூலகப் பட்டியலில் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்து வேண்டிய தொகுப்பை இறக்கிக் கொள்ளலாம். பைலின் எக்ஸ்டென்ஷன் ஜிம் என்று இருக்கும்.

மூன்று அளவுகளைக் காணலாம். மினி என்பதில் ஒவ்வொரு கட்டுரையின் அறிமுகப் பகுதி மட்டும் இருக்கும். நோபிக் என்பதில் முழுக் கட்டுரை உண்டு, படங்கள் இல்லை. மேக்ஸி என்பதில் அனைத்தும் உண்டு. ஆங்கில மேக்ஸி பைல் 100 ஜிபிக்கும் மேல். தமிழ்த் தொகுப்பு அதில் மிகச் சிறிய பங்குதான். முதலில் தமிழில் தொடங்குங்கள்.

பென் டிரைவில் காப்பி செய்யும்போது ஒரு சிக்கல் வரலாம். டிரைவில் நிறைய இடம் இருந்தும், பைல் மிகப் பெரியது என்று பிழைச் செய்தி கிடைக்கும். காரணம், பல பென் டிரைவ்கள் பேட் 32 என்ற முறையில் பார்மட் செய்யப்பட்டிருக்கும். அந்த முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைப் பைலை வைக்க முடியாது. டிரைவில் உள்ளவற்றை வேறு இடத்தில் பத்திரப்படுத்திய பின்னர், எக்ஸ்பேட் முறையில் பார்மட் செய்திடுங்கள். பிரச்சினை தீர்ந்தது.

பள்ளிகளுக்கு ஒரு குறிப்பு. கிவிக்ஸில் லோக்கல் சர்வர் என்ற வசதி உள்ளது. ஒரு கம்ப்யூட்டரில் பைலை வைத்து இதை இயக்கினால், அதே நெட்வொர்க்கில் உள்ள மற்ற கம்ப்யூட்டர்களில் பிரவுசர் வழியாகவே படிக்கலாம். இன்டர்நெட் தேவையில்லை.

இனி முக்கியமான விஷயம். ஏற்கெனவே இறக்கிய பைல் தானாகப் புதுப்பிக்கப்படாது. பைல் பெயரின் இறுதியில் உள்ள வருடம், மாதத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள். புதிய தொகுப்பு வந்ததும் பழையதை நீக்கிவிட்டுப் புதியதை இறக்கிக் கொள்ளுங்கள். என் மானிட்டரில் இப்போது அப்படி ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பார்க்க அழகாக இல்லைதான். ஆனால் கேள்வி எழுத உட்காரும் போதெல்லாம் அது கண்ணில் படுகிறது.

விடைத்தாள் தயாரிக்கும் முறை

முன்பெல்லாம் கேள்வி, பதில் என்று இரண்டு கட்டங்கள் மட்டும் போடுவேன். இப்போது எக்செல் அல்லது கால்க் தொகுப்பில் ஆறு நெட்டு வரிசைகள் அமைக்கிறேன். கேள்வி, பதில், முதல் மூலம், இரண்டாவது மூலம், பார்த்த தேதி, மாறக்கூடியதா என்பவை அவை. கடைசி வரிசையில் "ஆம்" அல்லது "இல்லை" என்று எழுத வேண்டும். முதல் பானிபட் போர் நடந்த ஆண்டு 1526 என்றால், "இல்லை". தலைநகர், மக்கள்தொகை, உயரம், எண்ணிக்கை, சாதனை, பதவியில் இருப்பவர் என்றால், "ஆம்".

போட்டிக்கு முந்தைய நாள் டேட்டா மெனுவில் சார்ட் கொடுத்து இந்த வரிசைப்படி அடுக்கினால் "ஆம்" என்ற கேள்விகள் எல்லாம் ஒன்று சேர்ந்து வரும். 40 கேள்விகளில் பத்துப் பன்னிரண்டு இருக்கும். அவற்றை மட்டும் மறுபடியும் இணையத்தில் சரி பார்த்து, தேதியைப் புதுப்பிக்கிறேன். அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரத்தை 2022ல் நான் செலவழித்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

அந்த மாணவி என்ன ஆனாள்?

மறுநாள் காலை நூலகரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். வந்திருந்த 62 தாள்களையும் மறுபடி எடுத்துத் திருத்தினேன். அஸ்தானா என்று எழுதியவர்கள் அவளையும் சேர்த்து நான்கு பேர். திருத்திய பின்னர் அவளுக்கே முதலிடம். மூன்றாம் இடமும் மாறியது. முதல் பரிசு வாங்கிய மாணவன் நூர் சுல்தான் என்று எழுதி, நான் போட்ட மதிப்பெண்ணால்தான் முந்தியிருந்தான். அவன்மேல் எந்தத் தவறும் இல்லை. ஆகவே யாரிடமிருந்தும் பரிசைத் திரும்ப வாங்கவில்லை. முதல் பரிசான ஆங்கிலம் தமிழ் அகராதியில் இன்னொரு பிரதியையும், மூன்றாம் பரிசுக்கு உரியதையும் என் செலவில் வாங்கினேன். விழாவின் நிறைவு நாளில், அத்தனை பேர் முன்னிலையிலும் என் தவறைச் சொல்லிவிட்டுக் கொடுத்தேன்.

அகராதியை வாங்கிக் கொண்ட அவள் உடனே போய்விடவில்லை. பையிலிருந்து அந்தப் பழைய விடைத்தாளை எடுத்து நீட்டினாள்.

"சார், இதுலயும் திருத்திக் குடுங்க. வீட்ல காட்டணும்" என்றாள்.

சிவப்புப் பெருக்கல் குறியை அடித்துவிட்டு, சரி என்று குறியிட்டு, மொத்த மதிப்பெண்ணையும் மாற்றி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்தின் கீழே மறக்காமல் தேதியையும் எழுதினேன்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலோ அலமாரியிலோ உள்ள கலைக்களஞ்சியத்தின் தேதி என்ன என்று இன்றே பாருங்கள். அதற்குப் பிறகு உங்கள் பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.